ஒரே எண்ணில் இரண்டு பெட்டி

சௌதாமினி பெட்டியின் நான்கு திருகுகளையும் கழற்றி ஒரு சோடா மூடியில் போட்டாள். மேல்தட்டைத் தூக்கி, உள்ளே இருந்த பச்சைப் போர்டை விளிம்பில் பிடித்து வெளியே எடுத்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கடிகாரம் பழுது பார்க்கிறவர்கள் வைத்திருப்பதுபோன்ற லென்ஸை வலது கண்ணில் செருகிக்கொண்டாள். பொன்னானிக்காரன் பீரான் பற்றவைத்த போர்டு அது. எங்கே ஈயம் அப்பிக்கிடக்கிறது, எங்கே கால் ஆடுகிறது என்று தேடிக் குறித்துவைக்கவே அதை வரவழைத்திருந்தாள். நாளைக் கூட்டத்தில் காட்ட வேண்டும்.

முதல் வரிசையைப் பார்த்தாள். இரண்டாம் வரிசையைப் பார்த்தாள். மொத்தம் அறுபத்திரண்டு ஈயப் பற்றுகள். ஒவ்வொன்றும் சின்னக் கூம்பாய், பளபளப்பாய், ஓரம் மெலிந்து படிந்திருந்தது. முப்பத்தொரு வருஷம் அரசாங்க எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் உட்கார்ந்து வேலை செய்தவள் அவள். அதில் கடைசிப் பன்னிரண்டு வருஷம் மற்றவர்கள் செய்ததைப் பார்த்துக் கழித்துப் போடுவதே வேலை. இந்தப் போர்டு அன்று அவள் மேசைக்கு வந்திருந்தால் மறுபடி பார்க்காமல் அனுப்பியிருப்பாள்.

"ஆட்டோ ஓட்டுற கையா இது!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாராட்டாகச் சொல்லவில்லை.

அந்தப் பெட்டியின் வேலை எளிது. படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்குக் காற்றுப்பாய் விரிப்பார்கள். பாயில் குறுக்காகப் பதினெட்டுக் குழாய்கள். பத்து நிமிஷம் ஒன்றுவிட்டு ஒரு குழாய் உப்பும். அடுத்த பத்து நிமிஷம் அவை வடிந்து மற்றவை உப்பும். உடம்பின் பாரம் ஒரே இடத்தில் நிற்காது. நின்றால் தோல் சிவக்கும், பிறகு உரியும், பிறகு குழியும். படுக்கைப்புண் சொல்லாமல் வருவதில்லை. சிவந்து காட்டிவிட்டுத்தான் வருகிறது. யாரும் பார்க்காத இடத்தில் காட்டுகிறது, அவ்வளவுதான்.

சௌதாமினியின் கணவர் சாமிக்குட்டி பக்கவாதம் வந்து ஆறு வருஷம் கிடந்தார். கடையில் வாங்கிய பெட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை செத்தது. மூன்றாவது தடவை செத்தபோது அவள் சமையலறை மேசையிலேயே ஒன்றைச் செய்துவிட்டாள். வாராவாரம் வீட்டுக்கு வந்து பார்க்கும் வலிநிவாரண கிளினிக்கின் ரோசிலி சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "இதை உங்க வீட்டுல மட்டும் வச்சுக்கிட்டா பாவம் சேச்சி" என்றாள். சர்க்யூட் படம், பொருள் பட்டியல், செய்முறை எல்லாம் இணையத்தில் ஏறின. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், செய்யலாம், மாற்றிச் செய்யலாம். 'ஆசுவாசம்' என்று பெயர் வைத்ததும் சிஸ்டர்தான். சாமிக்குட்டி போய் நாலு வருஷம் ஆகிறது. இப்போது பதினொரு கிளினிக்குகளில் நாற்பத்து மூன்று பெட்டிகள் ஓடுகின்றன. குடகில்கூட நான்கு இருக்கின்றன.

"ஆறு வருஷம். ஒரு புண் கிடையாது." இதை அவள் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். சாமிக்குட்டியின் பதினாறாம் நாள் சாப்பாட்டில் பப்படம் பரிமாறிக்கொண்டேகூடச் சொன்னாள்.

அந்தப் பெருமைதான் இரண்டு மாதத்துக்கு முன் அவள் வாயில் வந்து உட்கார்ந்தது. பீரான் போன் செய்திருந்தான். "சேச்சி, ஆமினும்மா வீட்டுப் பெட்டியில பச்சை விளக்கு எரியுது. ஆனா பாய் மாறமாட்டேங்குது. அந்த உம்மாவுக்கு நடுமுதுகுக்குக் கீழ புண் விழுந்துடுச்சு. படத்துல ஏதாவது..."

"படத்துல ஒண்ணும் இல்ல. நீங்க பொன்னானிக்காரங்க மத்தி பொரிக்கிற மாதிரிதான் ஈயம் வைப்பீங்க. முதல்ல உன் கையைப் பாரு" என்றாள் சௌதாமினி. பிறகு வழக்கமான ஆறு வருஷக் கதையையும் சொன்னாள்.

"சரி சேச்சி" என்று மட்டும் சொன்னான் அவன். அதற்குப்பின் அவன் ஒரு பெட்டியும் செய்யவில்லை. புண் விழுந்த செய்தி மட்டும் பதினொரு கிளினிக்குக்கும் போனது. 'இதெல்லாம் ஒழுங்குமுறை இல்லாததால வர்றது' என்று எல்லாரும் பேசினார்கள். எடப்பாளில் தலைமையாசிரியராய் இருந்து ஓய்வுபெற்ற கருணன் மாஷ் ஒரு வரைவு எழுத உட்கார்ந்தார். ஆசுவாசத்துக்கு ஒரு குழு, யார் எதைத் தீர்மானிப்பது, எதற்கு ஓட்டு, எதற்குச் சம்மதம் என்று முப்பத்தொரு விதி. கூட்டுறவுச் சங்கச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியதால் ஒவ்வொரு விதிக்குள்ளும் பலாச்சுளைபோல உள்விதிகள் இருந்தன. பதினாலாம் விதி மட்டும் மாஷுடையதல்ல. சௌதாமினி கேட்டு எழுதவைத்தது: செய்தவர் கைக்குறையால் நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தால், அவர் ஓராண்டுக்குப் பெட்டி செய்யக் கூடாது.

இப்போது கைக்குறை எங்கே?

போர்டைத் தன் சோதனைப் பாயில் பொருத்தி ஓடவிட்டாள். டக், என்று காற்றைத் திருப்பிவிடும் வால்வு மாறியது. மறுபடி டக். குறையே இல்லை. கர்க்கடக மாத மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் ஒருமுறை போய் வந்தது. இன்வெர்ட்டர் இருந்ததால் அவள் மேசைக்கு அது தெரியவில்லை. அப்போதுதான் தோன்றியது. ஆமினும்மா வீடு பொன்னானியில் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால். மோட்டார் போட்டால் அந்தத் தெருவே மங்கும்.

பிளக்கைப் பிடுங்கி, இன்வெர்ட்டர் இல்லாத சமையலறை லைனில் செருகினாள். அதே லைனில் கிரைண்டரையும் தேய்ப்புப்பெட்டியையும் சேர்த்துப் போட்டாள். பல்பு மங்கி எழுந்தது. பெட்டி நின்றது. காத்திருந்தாள். டக் வரவில்லை. பச்சை விளக்கு மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல எரிந்தது.

போர்டின் ஓரத்தில் ஒரு கண்டென்சர். மின்சாரம் குறையும் கணத்தில் தாக்குப்பிடிக்கத் தண்ணீர் தேக்கும் குடம் மாதிரியான சாமான். அதன் வயிற்றில் 470 என்று எழுதியிருந்தது. அவள் போட்ட கணக்குப்படி அங்கே ஆயிரம் இருக்க வேண்டும்.

பீரான் தவறாக வாங்கிவிட்டான் என்று ஒரு நிமிஷம் நம்பினாள். அந்த ஒரு நிமிஷ நிம்மதியை நினைத்துப் பிறகு அவளுக்குக் கூசியது. பொருள் பட்டியலைத் திறந்தாள். 470 என்றுதான் இருந்தது. பழைய மாற்றங்களின் குறிப்பேட்டைத் திறந்தாள். அது யாரும் பார்க்கக்கூடியது. ஆனால் மாற்றி எழுதும் சாவி அவள் ஒருத்தியிடம்தான். எட்டு மாதத்துக்கு முந்தைய தேதியில் அவள் பெயரில் ஒரு வரி: 'சிறு திருத்தம்.'

நினைவு வந்துவிட்டது. திருச்சூர்க் கடையில் ஆயிரம் கிடைக்கவில்லை. 470 இருந்தது. மேசையில் போட்டுப் பார்த்தாள், ஓடியது. பட்டியலில் மாற்றினாள். அப்படி மாற்றினால் பெட்டியின் மாதிரி எண்ணை ஐந்திலிருந்து ஆறாக்க வேண்டும். எண் மாறினால் பதினொரு கிளினிக்குக்கும் சொல்ல வேண்டும், செய்முறைத் தாளை மாற்ற வேண்டும், யாராவது ஏன் என்று கேட்பார்கள். தொழிற்சாலையில் இந்த மாதிரிச் சின்ன மாற்றத்தைப் பென்சிலால் ஓரத்தில் எழுதிவிட்டுப் போவார்கள். அவளும் அப்படித்தான் செய்தாள். ஆக, ஐந்து என்ற ஒரே எண்ணில் உலகத்தில் இரண்டு பெட்டி. ஒன்று பழைய பட்டியல்படி, ஒன்று புதியதுபடி. வெளியிலிருந்து பார்த்து எது எது என்று அவளாலேயே சொல்ல முடியாது.

போர்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து நான்கு திருகையும் முடுக்கினாள். கை நன்றாக வேலை செய்தது. முகம்தான் சூடாய் இருந்தது, காய்ச்சல்காரி மாதிரி.

*

ஞாயிற்றுக்கிழமை வாசகசாலை மாடியில் இருபது பேர். குடகுக்காரர் பொன்னப்பா வர முடியாததால் போனில் இருந்தார். அந்தப் போனைச் சத்தம் கேட்க ஒரு ஸ்டீல் டம்ளரில் நிறுத்தியிருந்தார்கள். பொன்னானி கிளினிக்கின் செயலாளர் ஜமீலா டீச்சரைப் பீரான் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டிருந்தான். விட்டுவிட்டுப் போகாமல், வாசலோரம் ஈரக்குடைகளை வரிசையாய்ச் சாய்த்துவைத்துக்கொண்டிருந்தான்.

சௌதாமினி பையில் பெட்டி இருந்தது. வரும்போது பஸ்ஸில் நான்கு வாக்கியம் தயார் செய்திருந்தாள்.

மாஷ் விதிகளை வாசிக்கத் தொடங்கினார். ஆறாம் விதிக்கு வருவதற்குள் ஒன்றரை மணி நேரம் போனது.

"மாஷே, இதுல 'மேற்படி' எத்தனை? எங்க ஊர்ல இவ்வளவு மேற்படி நிலப்பத்திரத்துலகூட இல்ல" என்றாள் ஜமீலா டீச்சர்.

"விதின்னா வெண்ணெய் மாதிரி வழுக்கக் கூடாது டீச்சரே. கல்லு மாதிரி நிக்கணும்."

"கல்லைத் தலையில போடாம இருந்தா சரி."

டம்ளருக்குள்ளிருந்து பொன்னப்பா சிரித்தார். சிரிப்பு எதிரொலித்தது.

பதினாலாம் விதி வந்தது. மாஷ் வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகச் சௌதாமினியைப் பார்த்தார். "இதை எழுதச் சொன்னது நம்ம சௌதாமினி. அவங்களைவிட இதைச் சொல்ல யாருக்குத் தகுதி இருக்கு? ஆறு வருஷம், ஒரு புண் கிடையாது."

சிலர் தலையாட்டினார்கள். சௌதாமினி எழுந்தாள். நான்கு வாக்கியமும் தொண்டையில் இருந்தன. வெளியே வந்தது வேறு.

"அந்தப் பொன்னானிப் பெட்டியை நான் பிரிச்சுப் பார்த்தேன். பற்றவைச்சதுல ஒண்ணும் பெரிசா இல்ல. ஒரு கண்டென்சர்... சாமான்ல ஏதோ கோளாறு இருக்கும்னு தோணுது. இப்ப மார்க்கெட்ல நல்ல சாமானே கிடைக்கிறதில்ல."

"அப்பக் கடைக்காரனை நம்பி வாங்கினதும் செய்றவன் குறைதானே?" என்றார் மாஷ். "கைக்குறைன்னா கவனக்குறையும் சேர்த்துத்தான்." சட்டம் படித்த சந்தோஷம் அவர் குரலில் இருந்தது.

அவள் உட்கார்ந்துவிட்டாள். சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. அதுதான் மோசம். முழுப் பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு அசிங்கமாய்த் தோன்றியிருக்காது.

"சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. சௌதாமினி கை மடியில் கிடந்தது. வாசல் பக்கம் பார்த்தாள். குடைகளுக்குப் பக்கத்தில் நின்று பீரானும் கை தூக்கியிருந்தான்.

"உனக்கு ஓட்டு இல்ல பீரானே" என்றார் மாஷ். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஓட்டு இல்லன்னா என்ன மாஷே, சம்மதம் இருக்கு."

சிரிப்பு பாதியில் நின்றது. மாஷ் தொண்டையைச் செருமிக்கொண்டு, தேநீருக்குப் பின் ஆசுவாசத்தின் தலைமைக் காப்பாளர் தேர்தல் என்றார். ஒரே பெயர்தான் வந்திருக்கிறது என்றும், அது யார் என்று சொல்லத் தேவையில்லை என்றும் சொன்னார்.

*

மாடிக்குப் பின்னால் தகரச் சாய்ப்பு. பீரான் அங்கே குனிந்து பெரிய பாத்திரத்திலிருந்து பால் விடாத சுலைமானித் தேநீரைக் கிளாஸ்களில் ஊற்றிக்கொண்டிருந்தான். சௌதாமினி போய் நின்றாள்.

"சர்க்கரை குறைவா ஒண்ணு இருக்கு சேச்சி. உங்களுக்குத்தான்."

"பீரானே, நீ ஏன்டா கை தூக்கின?"

அவன் கிளாஸை நீட்டினான். அவள் வாங்கவில்லை. அவன் அதைத் திண்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"சேச்சி, நீங்க கையைப் பாருன்னு சொன்னீங்க. நானும் பார்த்தேன். மூணு நாள் பார்த்தேன். கையில ஒண்ணும் இல்ல. அப்புறம் லிஸ்ட்டைப் பார்த்தேன். எங்க கிளினிக் அலமாரியில போன வருஷம் எடுத்த தாள் ஒண்ணு இருந்துச்சு. அதுல ஆயிரம். நான் வச்சிருக்கிறதுல நானூத்தி எழுபது. ரெண்டுலயும் நம்பர் அஞ்சு."

மழை தகரத்தில் விழுந்தது. அவள் கேட்டாள்: "எப்பத் தெரியும்?"

"ரெண்டு மாசம் ஆச்சு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"படத்துல ஏதோ இருக்குன்னு சொல்லத்தானே போன் பண்ணினேன். நீங்க மத்தியைப் பத்திச் சொன்னீங்க."

அவளுக்கு நின்ற இடம் போதவில்லை. கை தன்னால் சேலைத் தலைப்பைத் தேடியது.

"அப்புறமாவது யார்கிட்டயாவது சொல்றதுக்கென்ன? டீச்சர்கிட்ட?"

"சொன்னா என்ன ஆகும்? ஆசுவாசம்னா எல்லாருக்கும் உங்க பேர்தான் சேச்சி. பீரான் பேர் போனா ஒரு பெட்டி போகும். உங்க பேர் போச்சுன்னா நாப்பத்து மூணும் பரண்ல ஏறும். அதுல படுத்திருக்கிறவங்க எங்க போவாங்க?" அவன் குரலில் தியாகம் எதுவும் இல்லை. இந்த வழியில் போனால் பாலம், அந்த வழியில் போனால் பள்ளம் என்று சவாரிக்கு வழி சொல்வதுபோலச் சொன்னான். "நான் செஞ்ச மிச்ச மூணு பெட்டியையும் போய் மாத்திட்டேன். உம்மாவுது ரெண்டு மாசமா டீச்சர் கிளினிக் அலமாரியில பூட்டி வச்சிருந்தாங்க, போன வாரந்தான் உங்களுக்கு அனுப்பினாங்க. உம்மாவை மருமக கையாலதான் திருப்புறா. மத்த ஊர்ப் பெட்டி எனக்குத் தெரியாது. அதான் தூக்கம் வரல."

"ஆமினும்மாவைப் போய்ப் பார்த்தியா?"

"இல்ல." இந்த ஒரு சொல்லில்தான் அவனுக்குக் கோபம் வந்தது. "எப்படிப் போறது? அவங்க மருமக நசீபா என்னைப் பார்த்தா கதவைச் சாத்துறா. தெருவுக்குள்ள சவாரி வந்தாக்கூட நான் சுத்திப் போறேன். ரெண்டு மாசம்."

அவள் அந்தச் சுலைமானியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். நாக்கு சுட்டது. பரவாயில்லை என்று தோன்றியது.

*

"தலைமைக் காப்பாளர் பதவிக்கு..." என்று மாஷ் ஆரம்பித்தார்.

"மாஷே, ஒரு நிமிஷம். பதினாலுக்குத் திரும்பணும்."

"நிறைவேறின விதிக்குத் திரும்பறதுக்கு இருபத்தெட்டாம் விதிப்படி மூணுல ரெண்டு பங்கு..."

"இருபத்தெட்டு இன்னும் நிறைவேறல மாஷே" என்றது டம்ளர்.

சௌதாமினி பையிலிருந்து பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். இந்த முறை நான்கு வாக்கியத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். பட்டியலை மாற்றினது நான். எண்ணை மாற்றாமல் விட்டது நான். குறிப்பேட்டில் 'சிறு திருத்தம்' என்று எழுதி மூடினது நான். பீரான் கேட்டபோது அவன்மேல் போட்டதும் நான். இன்று காலையில் இந்த மேசைமுன் நின்று கடைக்காரன்மேல் போட்டதும் நான்தான். ஐந்து வாக்கியம் ஆகிவிட்டது.

ரோசிலி சிஸ்டர் தரையைப் பார்த்தாள். மாஷ்தான் முதலில் வாய் திறந்தார். "சௌதாமினிக்குக் களைப்பா இருக்கு. எத்தனை வருஷமா ஒத்தைக் கையால... இதை நாம இப்பக் குறிப்புல எழுத வேண்டாம்னு..."

"எழுதுங்க மாஷே" என்றாள் ஜமீலா டீச்சர். குரல் மெதுவாகத்தான் இருந்தது. "எங்க பீரான் பேரை மட்டும் எழுதத் தெரிஞ்சுதுல்ல?" பிறகு சௌதாமினியிடம் திரும்பினாள். "ஆறு வருஷம், ஆறு வருஷம்னு சொல்வீங்களே சேச்சி. அந்தப் புண்ணுக்கு நான் துணி மாத்தியிருக்கேன். என் நடுவிரல் ரெண்டு கணு உள்ள போகும். உங்களுக்குத் தெரியணும்னுதான் சொல்றேன்."

சௌதாமினிக்குத் தெரியும். எத்தனையோ புண்களைப் பார்த்தவள். அந்த விரலைக் கற்பனை செய்ய அவளுக்குச் சிரமமே இல்லை.

பொன்னப்பாவின் குரல் கேட்டது: "அப்போ எங்க நாலு பெட்டி நல்ல அஞ்சா, கெட்ட அஞ்சா?"

"தெரியாது" என்றாள் சௌதாமினி. "வெளியிலருந்து பார்த்தா தெரியாது. எல்லாத்தையும் பிரிச்சுப் பார்க்கணும். பார்க்கிற வரைக்கும் பாயை நம்பாதீங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் கையால திருப்பிப் போடுங்க."

அதற்குப்பின் கூட்டம் உண்மையில் நடந்தது. ஒரே நேரத்தில் நாலு பேர் பேசினார்கள். மாஷ் இரண்டுமுறை மேசையைத் தட்டினார். ஒரு கிளினிக்காரர், இனிமேல் கடைப் பெட்டியே வாங்குகிறோம் என்று எழுந்து போய்விட்டார். அவர் குடையைப் பீரான்தான் எடுத்துக் கொடுத்தான். முப்பத்தொரு விதியில் கடைசியில் மிஞ்சியது ஏழு. ஒரு சாமான் மாறினாலும் எண் மாறும். ஒருவர் மாற்றினால் வேறு ஊர்க்காரர் ஒருவர் செய்து, குறைந்த மின்சாரத்தில் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே பட்டியலில் ஏறும். சாவி மூன்று பேரிடம் இருக்கும். கோளாறு என்று யார் சொன்னாலும், அவரிடம் திருப்பிக் கேட்பதற்குமுன் அது எழுதப்படும். பதினாலாம் விதியை எடுத்துவிடலாம் என்று ஜமீலா டீச்சரே சொன்னாள்.

"எடுக்கறதுக்கு முன்னால என்மேல ஒருதரம் போட்டுட்டு எடுங்க" என்றாள் சௌதாமினி.

"நாடகம் வேண்டாம் சேச்சி" என்றாள் ரோசிலி சிஸ்டர், அன்று முதல்முறையாகப் பேசி. "நீங்க ஒரு வருஷம் வீட்டுல உட்கார்ந்தா நாப்பத்து மூணு பெட்டியை யார் பிரிக்கிறது?"

அது சரிதான். தண்டனை கேட்பதிலும் ஒரு சுகம் இருக்கிறது. அதையும் கொடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். தனியாகப் போர்டைத் தொடக் கூடாது, இன்னொருவர் கூட இருக்க வேண்டும் என்று மட்டும் முடிவாகியது. சாவி பெற்ற மூன்று பேரில் ரோசிலி ஒருத்தி, பொன்னப்பா ஒருவர், பீரான் ஒருவன். தலைமைக் காப்பாளர் என்ற பதவியே வேண்டாம் என்று விட்டார்கள். சௌதாமினி பெயர் எதிலும் இல்லை. மாஷ் அவள் பக்கம் பார்க்காமலே குறிப்பேட்டை மூடினார்.

"ஆமினும்மா வீட்டுல இதை யார் சொல்றது?" என்று படியிறங்கும்போது ஜமீலா டீச்சர் கேட்டாள்.

"நான் சொல்றேன். நாளைக்குக் காலையில வர்றேன்."

*

மறுநாள் ஏழரை மணிக்கு அவள் பொன்னானி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். பீரான் ஆட்டோவோடு நின்றிருந்தான். ஐஸ் கம்பெனித் தெரு முனையில் ஒரு நொடி வேகத்தைக் குறைத்துவிட்டு உள்ளே திருப்பினான்.

நசீபா கதவைத் திறந்தாள். பீரானைப் பார்த்ததும் முகம் மாறியது. சாத்துவதற்குள் சௌதாமினி படியில் நின்றபடியே சொன்னாள். செருப்பைக் கழற்றக்கூட இல்லை. தப்பு அவன் கையில் இல்லை, என் பட்டியலில். அவனுக்கு இரண்டு மாதமாய்த் தெரியும், எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தான். நசீபா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "நான் இவரை இந்தத் தெருவுல எல்லார் முன்னாடியும் வைஞ்சிருக்கேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வழியை விட்டு விலகி நின்றாள்.

ஆமினும்மா இடப்பக்கமாய்ச் சாய்ந்து படுத்திருந்தாள். எண்பது வயதிருக்கும். வெள்ளை முக்காட்டுத் தட்டம் தலையிலிருந்து நழுவியிருந்தது. சௌதாமினி கட்டிலருகே முட்டிபோட்டு எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். பட்டியல், எண், கண்டென்சர், எட்டு மாதம்.

கிழவி பாதிவரை கேட்டாள்.

"மோளே, நீ யாருன்னு இவ சொன்னா. நீ சொல்றது எனக்கு ஒண்ணும் விளங்கல. இந்தப் பக்கம் படுத்து ரொம்ப நேரமாச்சு. பேசுறதை நிறுத்திட்டு என்னைத் திருப்பிப் போடு."

சௌதாமினி எழுந்தாள். கையைக் கழுவினாள். கிழவியின் முழங்காலை மடக்கி, ஒரு கையைத் தோளுக்கும் ஒரு கையை இடுப்புக்கும் கொடுத்து, உராயாமல் தூக்கித் திருப்பினாள். முதுகுக்குத் தலையணை, முழங்கால்களுக்கு நடுவே மடித்த துணி, குதிகால் படுக்கையில் படாமல் இன்னொன்று. கட்டைப் பிரித்துப் புண்ணைப் பார்த்தாள். அடியில் சிவப்புத் தசை ஏறத் தொடங்கியிருந்தது. ஓரம் சுத்தமாய் இருந்தது. நசீபா நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் கழுவி, ஈரத் துணியை உள்ளே இலேசாக வைத்து, மேலே மூடினாள். அழவில்லை. அழுகிற இடமில்லை அது.

பிறகு தரையில் செய்தித்தாளை விரித்தார்கள். அவள் கொண்டுவந்திருந்த பெட்டியைப் பீரான் பிரித்தான். சால்டரிங் அயர்னைச் சூடேற்றினான். 470ஐ எடுத்துவிட்டு ஆயிரத்தை அவன் வைத்தான். விதிப்படி சௌதாமினி பக்கத்தில் குந்தி டார்ச் பிடித்தாள். பெட்டியை மூடி உம்மாவின் பாயில் மாட்டினார்கள். ஐஸ் கம்பெனியில் மோட்டார் ஓடத் தொடங்கியது. அறை பல்பு மங்கியது. மூன்று பேரும் பாயைப் பார்த்தார்கள். பச்சை விளக்கை யாரும் பார்க்கவில்லை.

டக்.

பத்து நிமிஷம் காத்திருந்தார்கள். மறுபடி டக்.

பீரான் பெட்டியின் மேலிருந்த ஐந்தை ஆணியால் சுரண்டி அழித்தான். பேனாவை அவளிடம் நீட்டினான். அவள் ஆறு என்று எழுதி, கீழே தன் பெயரையும் தேதியையும் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். அவன் அதற்குக் கீழே கையெழுத்திட்டான்.

"அடுத்தது எங்க?" என்றான்.

"திரூர். மூணு பெட்டி."

நசீபா இரண்டு அரிசிப் பத்திரியை வாழையிலையில் சுற்றி அவன் கையில் கொடுத்தாள். சௌதாமினிக்குக் கொடுக்கவில்லை. சௌதாமினி டார்ச்சைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.